ரௌட்டரில் வழிப்பட்டியலுக்கு இடம் தீர்ந்தால்

ஊரளவில் இணைய இணைப்பு தரும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கும் நண்பர் கேட்டிருக்கிறார்: "பழைய பெரிய ரௌட்டர் ஒன்று செகண்ட் ஹேண்டில் மலிவாக வருகிறது. 10 லட்சம் ரூட் தாங்கும் என்று விற்பவர் சொல்கிறார். அது போதுமா? நிரம்பிவிட்டால் என்ன ஆகும்? கூடுதலாக ராம் போட்டுச் சமாளிக்க முடியாதா?"

இணையத்தின் முழு வழிப்பட்டியலையும் அதில் ஏற்றப்போகிறீர்கள் என்றால் போதாது. ராம் கூட்டினாலும் தீராது, ஏனென்றால் தீர்ந்துபோவது ராம் அல்ல. ஆனால் முழுப் பட்டியல் உங்களுக்கு எதற்கு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான சிறு நிறுவனங்களுக்கு அது தேவையே இல்லை.

இணையம் என்பது 70,000-க்கும் மேற்பட்ட தனித்தனி வலைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட ஒன்று. ஒவ்வொரு வலைக்கும் ஏஎஸ் எண் என்ற அடையாள எண் ஒன்று உண்டு. "இந்த முகவரிகள் என்னிடம் இருக்கின்றன, இவற்றுக்கான பாக்கெட்டுகளை என் பக்கம் அனுப்புங்கள்" என்று ஒவ்வொரு வலையும் பக்கத்து வலைக்குச் சொல்கிறது. அது அடுத்ததற்குச் சொல்கிறது. இதற்கான நெறிமுறைதான் பிஜிபி. 1989-இல் கர்க் லௌஹீடும் யாகவ் ரெக்டரும் ஒரு சாப்பாட்டு வேளையில் நாப்கின் காகிதத்தில் எழுதிப் பார்த்த யோசனையிலிருந்து பிறந்தது. இன்றுவரை உலக இணையம் அதன் நான்காம் பதிப்பில்தான் ஓடுகிறது.

இப்படிக் காதில் விழுந்த அறிவிப்புகளின் மொத்தத் தொகுப்பே முழு வழிப்பட்டியல். அது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பது முகவரிகள் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. நம் அஞ்சலகப் பின்கோடை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் தபால் பிரிப்பவர் முதல் எண் 6 என்று பார்த்தாலே கட்டைத் தெற்கே அனுப்பிவிடலாம். 600004 என்பது மயிலாப்பூர் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதைச் சென்னையில் இருப்பவர் பார்த்துக்கொள்வார். ஆனால் மயிலாப்பூரில் இருக்கும் ஒரு கடைக்காரர் மதுரைக்குக் குடிபோகும்போது அதே பின்கோடையும் கையோடு எடுத்துப் போனால் என்ன ஆகும்? டெல்லிக்காரர் அந்த ஒரு கடைக்காகத் தனி வரி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் அப்படித்தான் நடக்கிறது. முகவரி இடத்தோடு ஒட்டியிருப்பதில்லை, உரிமையாளரோடு ஒட்டியிருக்கிறது. அவர் எங்கே இணைந்திருந்தாலும் உலகம் முழுக்க அவருக்காக ஒரு வரி.

அந்த வரி ரௌட்டரில் இரண்டு இடங்களில் உட்காருகிறது. பக்கத்து வலைகள் சொன்ன எல்லாமும், அவற்றின் மாற்று வழிகளும் ரிப் எனப்படும் தொகுப்பில் இருக்கும். இது சாதாரண ராமில் உள்ளது. இரண்டு அப்ஸ்ட்ரீம்களிடமிருந்து, அதாவது உங்களுக்கு இணைய இணைப்பு தரும் பெரிய நிறுவனங்களிடமிருந்து, முழுப் பட்டியல் வாங்கினால் இது இரட்டிப்பாகும், அவ்வளவுதான். ராம் மலிவு, கூட்டிக்கொள்ளலாம். இதிலிருந்து தேர்ந்தெடுத்த சிறந்த வழிகள் மட்டும் ஃபிப் என்ற இன்னொரு பட்டியலுக்குப் போகும். வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் எந்தப் போர்ட்டில் தள்ளுவது என்று முடிவு செய்வது இந்த ஃபிப்தான். பழைய பெரிய ரௌட்டர்கள் பலவற்றில் இது டிகேம் என்ற தனிவகைச் சிப்பில் இருக்கிறது.

டிகேமை ஏன் வைத்தார்கள் என்றால், தேடும் வேலை அவ்வளவு கடினம். ஒரு முகவரிக்குப் பொருந்தும் வரிகள் பல இருக்கலாம். /8 ஒன்று, அதற்குள் /16 ஒன்று, அதற்குள் /24 ஒன்று (கோட்டுக்குப் பின் வரும் எண் பெரிதானால் முகவரித் தொகுதி சிறிது). எது மிகக் குறுகலாகப் பொருந்துகிறதோ அதையே எடுக்க வேண்டும். அதையும் நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை செய்ய வேண்டும். சாதாரண நினைவகத்தில் ஒவ்வொன்றாகத் தேடினால் நேரம் போதாது. டிகேமின் ஒவ்வொரு செல்லும் 0, 1, 'எதுவானாலும் சரி' என்ற மூன்று நிலைகளை வைத்திருக்கும். முகவரியைக் கொடுத்ததும் எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் தங்களை ஒப்பிட்டுப் பார்த்துப் பதில் சொல்லும். இந்த வேகத்துக்கு விலை உண்டு. ராமில் ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர் போதும். டிகேம் செல்லுக்கு வழக்கமாக 16 வேண்டும். மின்சாரம் அதிகம் குடிக்கும், சூடாகும், சிப்பின் பரப்பும் பெரிது. அதனால் அளவாகத்தான் வைப்பார்கள், போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். கடையில் வாங்கி வந்து செருக முடியாது. உங்கள் ராம் கேள்விக்குப் பதில் இதுதான்.

சரி, நிரம்பினால் என்ன ஆகும்? இதற்கு 2014 ஆகஸ்ட் 12-ஐ விடத் தெளிவான உதாரணம் கிடையாது.

அன்று உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்பாட்டில் இருந்தவை, ரௌட்டர் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் 6500, 7600 வரிசைப் பெட்டிகள். அவற்றின் சூப் 720 3பிஎக்ஸ்எல் எஞ்சினில் டிகேம் மொத்தம் 10 லட்சம் வரிகளுக்கு மேல் கொள்ளும். ஆனால் அந்த இடம் பங்கு பிரிக்கப்பட்டது. பழைய வகை முகவரியான ஐபிவி4-க்கு வரிக்கு ஒரு இடம் போதும், நீளமான புதிய வகையான ஐபிவி6 வரி ஒன்றுக்கு இரண்டு இடம் வேண்டும். பெட்டியை வாங்கி மாற்றாமல் ஓட்டினால் ஐபிவி4-க்கு 512 கே, ஐபிவி6-க்கும் பலமுனை ஒலிபரப்புக்கும் 256 கே என்று இருக்கும். 512 கே என்றால் 5,24,288. பெட்டியை அறிமுகப்படுத்திய காலத்தில் உலகப் பட்டியல் அதில் பாதிகூட இல்லை. எனவே யாரும் அந்த எண்ணைத் திரும்பிப் பார்க்கவில்லை.

2014 நடுவில் உலகப் பட்டியல் 5 லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. அதோடு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தன் உள்வலையின் வழிகள் ஆயிரக்கணக்கில் சேரும். சிஸ்கோ மே மாதமே எச்சரித்திருந்தது: பங்கை மாற்றுங்கள், அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. எம்எல்எஸ் செஃப் மேக்சிமம்-ரூட்ஸ் என்று தொடங்கும் ஒரே வரி. சிக்கல் என்னவென்றால், அந்த வரியைப் போட்டபின் பெட்டியை ரீலோட் செய்தால்தான், அதாவது அணைத்து மறுபடி தொடங்கினால்தான், மாற்றம் அமலுக்கு வரும். ஆண்டுக்கணக்கில் நிற்காமல் ஓடும் மையப் பெட்டியை, ஒன்றும் கெட்டுப்போகாதபோது, ரீலோட் செய்ய அனுமதி வாங்குவது எவ்வளவு பாடு என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பல இடங்களில் அது "அடுத்த மெயின்டனன்ஸில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போனது.

அன்று உலக நேரப்படி காலை 8 மணிக்குச் சற்று முன், அதாவது நமக்குப் பிற்பகல் ஒன்றேகாலைத் தாண்டி, அமெரிக்காவின் வெரைசன் வலையிலிருந்து சுமார் 15,000 புதிய வழிகள் உலகுக்குள் வந்து விழுந்தன. அவை புது முகவரிகள் அல்ல. அதுவரை பெரிய தொகுதிகளாகச் சேர்த்து அறிவிக்கப்பட்ட அதே முகவரிகள், துண்டு துண்டாக வெளியே கசிந்துவிட்டன. சற்று நேரத்திலேயே வெரைசன் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் விளிம்பில் நின்ற பெட்டிகளுக்கு அந்தச் சில நிமிடமே போதுமானதாக இருந்தது.

அப்போது கன்சோலில் வரும் செய்தி இது: "ஃபிப் டிகேம் எக்ஸெப்ஷன், சம் என்ட்ரீஸ் வில் பி சாஃப்ட்வேர் ஸ்விட்ச்டு". படித்தால் சாதாரணமாகத்தான் தெரியும். இடம் கிடைக்காத வழிகளை இனி சிபியு பார்த்துக்கொள்ளும் என்று பொருள். அந்த எஞ்சினின் ஹார்டுவேர் நொடிக்கு 3 கோடி பாக்கெட்டைத் தள்ளும். சிபியுவோ 600 மெகாஹெர்ட்ஸ். ஹார்டுவேர் செய்வதில் மிகச் சிறிய பங்கைத்தான் அது தாங்கும். விடுபட்டுப்போன வழிகளில் ஒன்று போக்குவரத்து அதிகம் உள்ள தளத்துக்கானது என்றால் சிபியு உடனே 100 சதவீதத்தைத் தொடும். அப்புறம் நடப்பது தொடர்விபத்து. பக்கத்து வலைக்கு "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று குறித்த நேரத்தில் சொல்ல வேண்டிய செய்தியை அனுப்பக்கூட சிபியுவுக்கு நேரம் இருக்காது. இரு வலைகளும் வழிகளைச் சொல்லிக்கொள்ளும் தொடர்பான பிஜிபி அமர்வு அறுந்துபோகும். அந்த வழிகள் எல்லாம் நீக்கப்படும், மறுபடி அமர்வு எழும், மறுபடி 5 லட்சம் வழிகள் வரும், மறுபடி நிரம்பும்.

இன்னொரு விஷயம். அந்த வரிசைப் பெட்டிகளில் இந்த நிலை ஒருமுறை வந்துவிட்டால், வழிகள் குறைந்த பிறகும் தானாக நீங்காது. ரீலோட் செய்தே ஆக வேண்டும். மூன்று மாதமாகத் தள்ளிப்போட்ட ரீலோடை அன்று பட்டப்பகலில் செய்தவர்கள் பலர். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கோ ஒன்றும் புரியவில்லை. சில தளங்கள் திறந்தன, சில திறக்கவில்லை, ஒருவருக்குத் திறந்தது இன்னொருவருக்குத் திறக்கவில்லை. எந்த வழி டிகேமில் இடம்பிடித்தது, எது வெளியே நின்றது என்பதைப் பொறுத்து அது பெட்டிக்குப் பெட்டி மாறியது. பழுது தேடுகிறவருக்கு இதைவிடக் கொடுமை வேண்டாம். இணைப்பு இருக்கிறது, பிங் போகிறது, பாதி உலகம் மட்டும் மந்தம்.

இதற்கு முன்பும் இது நடந்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் வழிப்பட்டியல் ரௌட்டர்களின் நினைவகத்தைவிட வேகமாக வளர்ந்ததால்தான் 1993-இல் ஏ, பி, சி வகுப்பு முறையைக் கைவிட்டு, எந்த இடத்திலும் வெட்டிச் சேர்க்கக்கூடிய சைடர் முறை கொண்டுவரப்பட்டது. 1995-இல் அமெரிக்காவின் ஸ்ப்ரின்ட் நிறுவனம் ஒரு படி மேலே போய், புதிதாகப் பங்கிடப்பட்ட தொகுதிகளில் /19-ஐ விடச் சிறிய துண்டுகளை ஏற்கமாட்டோம் என்று வடிகட்டியது. பெரிய கூச்சல் எழுந்தது. ஆனால் ஸ்ப்ரின்டைத் தவிர்த்து இணையத்தில் இருக்க முடியாத காலம் அது. துண்டு போட்டவர்கள் சேர்த்து அறிவிக்கக் கற்றுக்கொண்டார்கள். 1997 ஏப்ரல் 25 அன்று ஏஎஸ் 7007 என்ற வலை, உலகின் பெரும்பகுதி முகவரிகளைத் துண்டுகளாக்கித் தன்னுடையவை போல அறிவித்துவிட்டது. போக்குவரத்து திசைமாறிப் போனதோடு, துண்டுகளின் எண்ணிக்கை தாளாமல் ரௌட்டர்கள் விழுந்தன.

2001-இல் ஒரு லட்சம், 2014-இல் 5 லட்சம், இப்போது 10 லட்சத்தை ஒட்டி. இந்த எண்களை, ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு முகவரி பங்கிடும் ஏப்னிக்கின் தலைமை விஞ்ஞானி ஜெஃப் ஹஸ்டன் ஆண்டுக்கணக்காக அளந்து வெளியிடுகிறார். அண்மைக் காலத்தில் ஐபிவி4 வளர்ச்சி மெதுவாகிவிட்டது, ஆனால் நிற்கவில்லை. ஐபிவி6 பட்டியல் தனியாக 2 லட்சத்தைத் தாண்டியிருக்கிறது.

முகவரிகளே தீர்ந்துபோன பிறகும் பட்டியல் ஏன் வளர்கிறது என்று பலர் கேட்பார்கள். தீர்ந்ததால்தான் வளர்கிறது. 2011 பிப்ரவரியில் உலகக் கையிருப்பு முடிந்தது. ஏப்ரலில் ஆசிய பசிபிக் வட்டாரம் கடைசித் தொகுதியைத் தொட்டது. அன்றிலிருந்து புதிதாக வருகிறவருக்கு அந்தத் தொகுதியிலிருந்து அதிகபட்சம் 1,024 முகவரிகள்தான். 2019-இல் அதுவும் 512 ஆனது. முன்பு ஒரே பெரிய தொகுதி வாங்கி ஒரே வரியில் அறிவித்த அளவு வலை, இன்று அங்கங்கே விலைக்கு வாங்கிய சில்லறைத் தொகுதிகளைப் பல வரிகளில் அறிவிக்கிறது. இரண்டு அப்ஸ்ட்ரீம்கள் வைத்திருப்பவர் போக்குவரத்தைப் பிரித்துவிட, தன் /22-ஐ நான்கு /24 ஆக வெட்டி இரண்டை இங்கும் இரண்டை அங்கும் அறிவிப்பார். பலர் பிரித்துவிட வேறு வழி தெரியாமலே இதைச் செய்கிறார்கள்.

பயமும் ஒரு காரணம். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபை முடக்குவதற்காக 208.65.153.0/24 என்ற வழியைப் போட்டது. அது வெளியே கசிந்தது. யூடியூப் அப்போது அறிவித்திருந்தது 208.65.152.0/22. குறுகலானதே வெல்லும் என்பது விதி. ஆகவே உலகின் யூடியூப் போக்குவரத்து பாகிஸ்தானை நோக்கித் திரும்பி, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தளம் காணாமல்போனது. யூடியூப் அதே /24-ஐயும், பிறகு அதைவிடக் குறுகலான /25-களையும் அறிவித்துத்தான் மீட்டது. இதைப் பார்த்தவர்கள் பலர் "நாமே முதலிலேயே /24 ஆக அறிவித்துவிட்டால் வேறு யாரும் நம்மைவிடக் குறுகலாக வர முடியாதே" என்று முடிவு செய்தார்கள். /24-ஐ விடச் சிறியதைப் பெரும்பாலானோர் ஏற்பதில்லை என்பதால் அந்தக் கணக்கு ஓரளவு சரிதான். இன்று ஐபிவி4 பட்டியலில் பாதிக்கு மேல் /24-கள்.

எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் தருவது ஒன்று உண்டு. ஒரு வழியை அறிவிக்கிறவருக்கு அதற்காகத் தனியாக ஒரு பைசா செலவில்லை. ஆனால் அந்த ஒரு வரி உலகில் முழுப் பட்டியல் வைத்திருக்கும் ஒவ்வொரு ரௌட்டரின் டிகேமிலும் இடம் பிடிக்கிறது. அதன் விலையை முன்பின் தெரியாத யாரோ கொடுக்கிறார்கள். பெரிய நிறுவனம் புதுப் பெட்டி வாங்கிக்கொள்ளும். உங்களைப் போன்ற சிறு நிறுவனத்துக்குத்தான் நல்ல நிலையில் இருக்கும் பெட்டி, ஒரு பழுதும் இல்லாமல், காலாவதியாகிறது. யார் எவ்வளவு தேவையில்லாமல் துண்டாடுகிறார்கள் என்று சைடர் ரிப்போர்ட் என்ற அறிக்கை நெடுங்காலமாகப் பெயரோடு பட்டியல் போட்டு வருகிறது. பெரிதாக யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. 2006 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் இணையக் கட்டமைப்பு வாரியம் இதற்காகவே ஒரு பட்டறை கூட்டி, இப்படியே போனால் தாங்காது என்றது. அதன் விளைவாக இருப்பிடத்தையும் அடையாளத்தையும் பிரிக்கும் லிஸ்ப் போன்ற திட்டங்கள் வந்தன. உலக அளவில் வேர்பிடிக்கவில்லை. சிப்புகள் வளர்ந்ததால் நெருக்கடி தள்ளிப்போனது. இன்றைய பெரிய சிப்புகளில் டிகேமோடு, சாதாரண நினைவகத்தில் புத்திசாலித்தனமாக அடுக்கித் தேடும் முறைகளும் சேர்ந்து 20 லட்சம் வழிகளுக்கு மேல் தாங்குகின்றன.

இனி உங்கள் பெட்டிக்கு வருவோம். விற்பவர் சொல்லும் 10 லட்சம் பொய்யாக இருக்காது. ஆனால் அது எதன் எண்ணிக்கை என்று கேளுங்கள். ஐபிவி4 மட்டுமா, இரண்டும் சேர்ந்தா? சேர்ந்தது என்றால் ஐபிவி6-க்கு ஒதுக்கும் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு ஐபிவி4 வரிகள் போய்விடும். 2014-க்குப் பிறகு பலர் 6500-இல் ஐபிவி4 பங்கை 768 கே என்று மாற்றினார்கள். ஐபிவி6-க்கு 128 கே மிஞ்சியது. 2019-இல் ஐபிவி4 அந்த எல்லையைத் தாண்டியது. முன்கூட்டியே பேசிப் பேசிப் பலர் தயாராகிவிட்டதால் 2014 போல ஆகவில்லை. பின்னர் ஐபிவி6-உம் 128 கேயைத் தாண்டிவிட்டது. எப்படிப் பிரித்தாலும் இன்றைய இரண்டு முழுப் பட்டியல்களும் 10 லட்சம் இடம் கொண்ட பெட்டிக்குள் அடங்காது.

ஆனாலும் பெட்டியை ஒதுக்கிவிடாதீர்கள். அப்ஸ்ட்ரீம் இருவரிடமும் டிஃபால்ட் ரூட் ஒன்றும் (பட்டியலில் இல்லாத எல்லாவற்றுக்கும் பொதுவான வழி), அவர்களின் சொந்த வாடிக்கையாளர் வழிகள் மட்டும் அடங்கிய பகுதிப் பட்டியலும் கேளுங்கள். வலைகள் ஒன்றோடொன்று நேரடியாக இணையும் நிக்ஸி போன்ற பரிமாற்ற மையத்தில் இருந்தால் அங்கு கிடைக்கும் வழிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் உள்ளதெல்லாம் டிஃபால்ட்டில் போகட்டும். உங்கள் வாடிக்கையாளர்களின் போக்குவரத்து எங்கே போகிறது என்று ஃப்ளோ பதிவை எடுத்துப் பார்த்தால் தெரியும்: பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய வலைகளுக்குத்தான். ஸ்பாட்டிஃபை நிறுவனத்தின் பொறியாளர்கள் இதையே திட்டமிட்டுச் செய்தார்கள். முழுப் பட்டியலைச் சர்வரில் வைத்துக்கொண்டு, போக்குவரத்து அதிகமுள்ள வழிகளை மட்டும் சிறிய ஃபிப் கொண்ட மலிவு ஸ்விட்சில் ஏற்றினார்கள்.

மைக்ரோடிக் மாதிரி சிபியுவிலேயே தேடும் பெட்டி வைத்திருந்தால் டிகேம் எல்லை அங்கே பொருந்தாது. முழுப் பட்டியலும் ராமில் அடங்கும். பாக்கெட் வேகம்தான் அங்கே எல்லை. போக்குவரத்து சில ஜிகாபிட்டுக்குள் இருந்தால் அது நல்ல தேர்வே.

எந்தப் பெட்டியாக இருந்தாலும் ஒவ்வொரு பிஜிபி அமர்விலும் அதிகபட்ச வழி எண்ணிக்கையை இன்றே போட்டு வையுங்கள். வழக்கமாக வருவதைவிடக் கொஞ்சம் மேலே, பெட்டி தாங்குவதற்குக் கீழே. அப்போது அப்ஸ்ட்ரீமில் யாராவது 15,000 வழிகளைக் கசியவிட்டால் அந்த ஒரு அமர்வு மட்டும் விழும், பெட்டி நிற்கும். /24-ஐ விடச் சிறியதை உள்ளே விடாதீர்கள். உங்கள் /22-ஐயும் நான்காக வெட்டாமல் /22 ஆகவே அறிவித்துப் பாருங்கள். போக்குவரத்து ஒரு பக்கம் சாய்ந்தால் முதலில் அப்ஸ்ட்ரீமுக்கு உங்கள் விருப்பத்தைச் சொல்ல வழியோடு ஒட்டி அனுப்பும் கம்யூனிட்டி குறிகளையும், ஏஎஸ் எண்ணைத் திரும்பத் திரும்பச் சேர்த்து வழியை நீட்டுவதையும் முயலுங்கள். முகவரி திருடுபோகும் என்ற பயம் இருந்தால் இந்திய முகவரிப் பதிவகமான ஐரினில் ஆர்பிகேஐ ரோவா, அதாவது இந்த முகவரிகளை இந்த ஏஎஸ் எண்தான் அறிவிக்கலாம் என்ற சான்று, பதிவு செய்யுங்கள். அதில் அதிகபட்ச நீளத்தையும் /22 என்றே வைத்தால், உங்கள் முகவரியை வேறு யாராவது /24 ஆக அறிவித்தாலும், சரிபார்க்கும் வலைகள் அதைத் தள்ளிவிடும்.